பல்லுக்கட்டியரும் பேகத்தின் முன்னங்கால்களும்

உலகத்தில் ஆணி என்ற பொருளைத் தன் சொந்தப் பகையாளியாக வைத்திருந்த ஒரே மனிதர் எங்கள் பல்லுக்கட்டியர்தான். பாம்பைக் கண்டு பயப்படுகிறவர்கள் உண்டு. சோதனைச் சாவடியைக் கண்டு சுற்றுவழியில் போகிறவர்கள் உண்டு. அந்த வரிசையில் நானும் நிற்பேன். ஆனால் ஒன்றரை அங்குல ஆணியைக் கண்டு மூக்கு நுனி சிவந்து, "உந்த ஆணியை எடுத்து அங்கால எறி" என்று சத்தம் போடுகிற மனிதரை வெள்ளவத்தையில் மட்டுமல்ல, இந்தத் தீவிலேயே வேறெங்கும் காணமாட்டீர்கள்.

கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஒரு மாடி வீட்டின் மேல்தட்டில் அவருக்கு ஓர் அறை. பொய்ப்பல் கட்டுவது தொழில். பெயர் என்னவென்று ஒழுங்கையில் ஒருவருக்கும் தெரியாது. நேரே நின்றால் "மாஸ்டர்", முதுகைத் திருப்பினால் "பல்லுக்கட்டியர்". அந்த அறையில் ஓர் ஆணிகூடக் கிடையாது. மணிக்கூடு, கண்ணாடி, சட்டை கொழுவும் கொழுக்கி எல்லாமே ஒட்டப்பட்டவை. பல்செட்டின் முரசுக்கு, அதாவது ஈறுக்கு, போடுகிற ரோஸ் நிறத் தூளையும், மூக்கைப் பிய்க்கும் ஒரு திரவத்தையும் குழைத்து ஒட்டிவிடுவார். பத்து நிமிடத்தில் கல்லாகிவிடும். பிறகு சுவரை இடித்தால்தான் பொருளை எடுக்கலாம். கலண்டர்கூட அப்படித்தான். பழையதைக் கழற்ற முடியாதபடியால் புது வருடத்துக் கலண்டரை அதற்கு மேலேயே ஒட்டுவார். நான் குடிவந்தபோது அது ஒன்பது வருடத் தடிப்பில் இருந்தது.

அந்த ஒழுங்கையில் எது உடைந்தாலும் அவரிடம்தான் போகும். குடைப்பிடி, மூக்குக்கண்ணாடி, வாளி எல்லாம் ரோஸ் நிறத் தழும்போடு திரும்பி வரும். கீழ்வீட்டு அன்ரியின் பிள்ளையார் சிலையில் எலியின் வால் முறிந்தபோது ரோஸ் நிறத்தில் வால் வைத்துக் கொடுத்தார். உண்மையான எலிக்கும் வால் அந்த நிறம்தானே என்று அன்ரிக்குப் பெரிய சந்தோஷம்.

செட் கட்டி முடித்தால் சும்மா அனுப்பமாட்டார். ஆளைக் கதிரையில் இருத்தி, கையில் மொறுமொறுப்பான, தட்டையான ஒரு பருத்தித்துறை வடையைக் கொடுப்பார். "கடியுங்கோ." தான் கண்ணை மூடிக்கொண்டு காதைக் கொடுப்பார். "இடப்பக்கம் தூக்குது. கழட்டுங்கோ." வடை சரியான சத்தத்தில் நொறுங்கும் வரைக்கும் விடுதலை இல்லை. இவ்வளவுக்கும் அவருடைய வாயில் ஒரு பல்லும் இல்லை. ஒருநாள் கேட்டேன்.

"ஏன் மாஸ்டர், உங்களுக்கு ஒரு செட் கட்டேல்லை?"

"என்ர வாயை நான் அளவெடுக்கேலாது. வேற ஆரையும் நம்பேலாது."

நான் பக்கத்து அறை. உயர்தர விலங்கியலுக்கு ரியூஷன் கொடுத்துக்கொண்டிருந்தேன். இருபத்துமூன்று வயது. அந்த வயதில் எனக்குத் தெரியாத விஷயமே உலகத்தில் இருக்கவில்லை. தெரிந்ததையெல்லாம் உடனடியாக யாருக்காவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் என்றிருக்கும். கேட்பதற்குப் பக்கத்து அறையில் பல்லுக்கட்டியர் இருந்தார். இந்தச் சேர்க்கை ஒருநாள் விபரீதத்தில் முடியும் என்று அன்ரி சொல்லிக்கொண்டே இருந்தா. விபரீதம் கொட்டாஞ்சேனையில் இருந்து வந்தது.

குதிரை நானா என்று எல்லாரும் கூப்பிடுகிற ஒரு முஸ்லிம் பெரியவர் மேல்பல் செட் ஒன்று கட்டக் கொடுத்திருந்தார். கொட்டாஞ்சேனையில் மரம் அறுத்து விற்கிற ஒரு பழைய மரக்காலையின் பின்பக்கத்தில் கொட்டில் போட்டு, பேகம் என்ற குதிரையை வளர்க்கிறவர். ஞாயிற்றுக்கிழமைகளில் காலிமுகத்திடலில் பிள்ளைகளை அதில் ஏற்றி, கடற்காற்றில் ஒரு சுற்று நடத்திக்கொண்டு போய் இறக்குவார். செட்டைப் போட்டார். வடையைக் கடித்தார். அருமையான சத்தம். பல்லுக்கட்டியர் கண்ணைத் திறந்து பார்த்தால், நானாவின் கன்னத்தில் கண்ணீர் ஓடுகிறது.

"எங்க குத்துது?" என்று பதறினார்.

"பல்லுக்கு ஒண்டும் இல்ல மாஸ்டர். பல்லு நல்லம். பேகத்துக்குத்தான் காலு ஏலாம ஈக்கி."

"உங்கட மனிசியோ?"

"குதிர மாஸ்டர்."

கதை இதுதான். பக்கத்துக் கலியாண வீட்டில் மிஞ்சிய அரிசியையும் கடலையையும் மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டிலின் ஓரத்தில் வைத்திருக்கிறார்கள். பேகம் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு பாதி மூட்டையைத் தின்றுவிட்டது. இரண்டாம் நாள் முன்னங்கால் குளம்புகள் இரண்டும் அடுப்புச் சட்டி போலச் சுட்டன. பாரத்தையெல்லாம் பின்னங்காலில் போட்டு, முன்னங்கால்களை நீட்டிக்கொண்டு, நெருப்பில் நிற்பதுபோல் நின்றது. மிருக வைத்தியர் வந்து மருந்து கொடுத்துச் சூட்டை இறக்கிவிட்டார். ஆனால் உள்ளே குளம்பின் பிடி தளர்ந்துவிட்டதாம். குதிப்பக்கம் உயர்ந்த, நுனிப்பக்கம் பாரம் படாத விசேஷ லாடம் போடவேண்டுமாம். அதை ஆணியால் அடிக்கலாம், அல்லது வெளிநாட்டில் செய்வதுபோல் பசையால் ஒட்டலாம். ஒட்டுகிற சாமான் இங்கே கிடையாது. எப்படியென்றாலும் பத்து நாளைக்குள் அவள் வலியில்லாமல் நிற்கவேண்டும். இல்லாவிட்டால் கடைசி ஊசியைப் போட்டு அவளை விட்டுவிடுவதுதான் இரக்கம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"பதினொரு வருஷம் மாஸ்டர்," என்றார் நானா. "எனக்கும் அவளுக்கும் வேற ஆள் இல்ல."

பல்லுக்கட்டியர் அதில் ஒரேயொரு சொல்லைத்தான் பிடித்துக்கொண்டார். "ஆணியோ? உயிருள்ள காலிலயோ?"

அவ்வளவுதான். நான் அடுத்தநாள் காலையே நூலகத்துக்கு ஓடினேன். குதிரை வைத்தியம் பற்றிய வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்று கிடைத்தது. மூன்று பக்கம் குறிப்பெடுத்துக்கொண்டு வந்து, பல்லுக்கட்டியருக்கு வெண்கட்டியால் நிலத்தில் படம் கீறி வகுப்பெடுத்தேன்.

"மாஸ்டர், குளம்பு எண்டது நகம். உள்ளுக்க எலும்பு. நகத்தையும் எலும்பையும் நூற்றுக்கணக்கான மெல்லிசு மடிப்புகள் கோத்துப் பிடிச்சிருக்கு. அந்த மடிப்பு வீங்கினால் பிடி விட்டுப்போம். பிறகு குதிரையின்ர முழுப் பாரமும் நகக்கண்ணில தொங்கிற மாதிரி."

"அப்ப பல்லும் முரசும் மாதிரி."

"ஓம்."

"முரசு வீங்கி ஆடுற பல்லுக்கு ஆரும் சுத்தியலால அடிப்பினமோ? வெளிநாட்டில என்னத்தால ஒட்டுறாங்கள்?"

குறிப்பைப் பார்த்தேன். பெயரை வாசித்தேன். பல்லுக்கட்டியர் எழுந்துபோய் அலமாரியைத் திறந்து, ரோஸ் நிறத் தூள் போத்தலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். லேபிளில் அதே பெயர். எங்கள் இருவருக்கும் மயிர்க்கூச்செறிந்தது. நாற்பது வருடமாக அந்த மனிதர் குதிரைக்கு லாடம் ஒட்டுகிற மருந்தை மனிதரின் வாய்க்குள் வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மட்டக்குளி பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். கொட்டிலில் எங்களுக்கு முன்னரே ஒருவர் இருந்தார். லாடக்கார மார்ட்டின். அறுபது வயது, தேக்குக் கட்டை போலக் கை, கழுத்தில் செபமாலை, இடுப்பில் ஆணிப்பை. பல்லுக்கட்டியரின் கண் நேரே அந்தப் பையில் போய் நின்றது. மூக்கு நுனி சிவந்தது.

"நுவரெலியா ரேஸ் குதிரைக்கெல்லாம் லாடம் அடிச்ச கை சார் இது," என்றார் மார்ட்டின்.

"அடிச்ச கைதானே. ஒட்டின கை இல்லையே."

"பல்லு கட்டுறவருக்குக் குதிரையோட என்னாங்க வேலை?"

"குதிரைக்கும் பல்லிருக்கு," என்று சொல்லி, பல்லுக்கட்டியர் பேகத்தின் கடைவாயில் விரலை விட்டு வாயைத் திறந்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். "வயது பதினாலு. மேல கடைவாயில ஒரு முனை கூர்மையாக் கிடக்கு. வலப்பக்கத்தால சப்புறதில்லை." நானா ஓமென்று தலையாட்டினார். மார்ட்டின் தன் பீடியை அணைத்துவிட்டு, மரியாதையாக எழுந்து நின்றார்.

பிறகு தொடங்கியது சண்டை. ஆணி அடித்தால் ஒவ்வொரு அடியும் புண்ணுக்குள் இடிக்கும் என்றார் பல்லுக்கட்டியர். பிடி விட்ட நகம் இன்னும் பிளக்கும் என்று நான் படத்தைக் காட்டினேன். மார்ட்டின் படத்தைத் தலைகீழாக வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"எல்லாஞ் சரி தம்பி. ஒட்டுறதுன்னா காலைத் தூக்கிப் புடிக்கணும். காயிற வரைக்கும் எவ்வளவு நேரம்?"

"பத்து நிமிஷம்," என்றார் பல்லுக்கட்டியர்.

"அந்தப் பத்து நிமிஷமும் மத்தக் கால்ல நிக்கணும். மத்தக் காலும் புண்ணு. நீங்க நிப்பீங்களா?"

"ஏன் நிக்கேலாது?" பல்லுக்கட்டியர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்றார். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். நாற்பத்தோராவது விநாடி வைக்கோலுக்குள் விழுந்தார். பேகம் முதல்முறையாக அவரைத் திரும்பிப் பார்த்தது.

வைக்கோலுக்குள் இருந்தபடியே சொன்னார்: "மார்ட்டின், நீர் சொல்லுறது சரி."

"நீங்க சொல்றதும் சரிதான் சார்," என்றார் மார்ட்டின் சோகமாக. "நான் அடிச்சாலும் அதுக்கு நோவும்."

இரண்டு பேரும் சரியாக இருந்ததால் பேகத்துக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. நானா மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். பத்து நாளில் மூன்று நாள் போய்விட்டது.

எதற்கும் முதலில் பரீட்சித்துப் பார்ப்போம் என்று நான்தான் யோசனை சொன்னேன். நானா தனக்குத் தெரிந்த இறைச்சிக்கடையில் நான்கு மாட்டுக்கால் வாங்கிக் கொடுத்தார். சைவ உணவுக்காரரான பல்லுக்கட்டியர் அதைப் பார்க்காமல், மறுபக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே தன் தோல்பையின் வாயை விரித்துப் பிடித்தார். அந்தப் பையோடு திரும்பி வந்தபோது, வழியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கினார்கள்.

ஐ.சி. என்கிற அடையாள அட்டையைப் பார்த்தார்கள். பொலிஸ் பதிவுத் துண்டு பார்த்தார்கள். பிறகு ஓர் இளம் சிப்பாய் பல்லுக்கட்டியரின் பையைத் திறந்தான். முதலில் ஒரு பல்செட் வந்தது. அவனைப் பார்த்துச் சிரித்தது. இரண்டாவது பல்செட் வந்தது. ரோஸ் தூள் வந்தது. மணக்கிற போத்தல் வந்தது. ஓர் அரம் வந்தது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக நான்கு மாட்டுக்கால்கள். எந்தப் பயிற்சி முகாமிலும் இப்படி ஒரு பையைப் பற்றி அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

"மே மொனவாத?" என்றான். இதெல்லாம் என்ன?

என்னுடைய சிங்களம் பரீட்சைச் சிங்களம். அவனுடைய துவக்கைக் கண்டவுடன் பரீட்சை மண்டபத்துக்கே திரும்பி ஓடிவிட்டது. பல்லுக்கட்டியருடைய சிங்களமோ கதிரைச் சிங்களம். நோயாளிகளுக்குச் சொல்லுகிற மூன்று வசனம்தான் தெரியும். அதில் ஒன்றைத் துணிந்து எடுத்துவிட்டார்.

"ரிதெனவாத?"

வலிக்கிறதா? சிப்பாய் திகைத்துப்போய்த் தன் உடம்பைத் தானே ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

"அஷ்வயா," என்று நான் எப்படியோ குதிரைக்குச் சொல்லைக் கண்டுபிடித்தேன். பல்லுக்கட்டியர் மாட்டுக்கால் ஒன்றைத் தூக்கி, அதன் அடியைத் தட்டிக் காட்டி, "லாடம், லாடம்" என்றார்.

சிப்பாயின் முகம் அப்படியே மாறிவிட்டது. "லாடம்?" அவர்களுக்கும் அது லாடம்தான். துவக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு மண்மூட்டையில் உட்கார்ந்தான். அவனுடைய அப்பாவுக்கு வண்டி மாடு இருந்ததாம். நான் விஷயத்தைத் தட்டுத்தடுமாறிச் சொன்னேன்: இரண்டு காலும் புண், ஒன்றைத் தூக்கினால் மற்றதில் நிற்க முடியாது. அவன் எங்களை மூளை பிசகியவர்களைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

"அபே கமே கொன்னு பெரலலா தமய் லாடம் கஹன்னே!"

எங்கள் ஊரில் மாட்டைச் சரித்துப் போட்டுத்தானே லாடம் அடிக்கிறது! கயிற்றை எப்படிச் சுற்றுவது, காலை எப்படிக் கட்டுவது என்று மாட்டுக்கால்களை வைத்தே செய்து காட்டினான். பின்னால் வரிசை நீண்டது. பஸ்காரன் ஹோர்ன் அடித்தான். புறப்படும்போது சிப்பாய் ஓடிவந்து யன்னல் வழியாக இன்னொன்றும் சொன்னான்: குதிரையைத் தள்ளிப் போடவேண்டாம், பயந்துவிடும். மணல் போடுங்கள். அதுவாகவே படுக்கும்.

வெள்ளவத்தை வரைக்கும் பல்லுக்கட்டியர் கைலேஞ்சியைக் கயிறாக முறுக்கித் தன் முழங்காலில் சுற்றிப் பார்த்துக்கொண்டே வந்தார். இறங்கும்போதுதான் சொன்னார். "தம்பி, நாங்கள் மூண்டு பேரும் மோடன்கள். நிண்டுகொண்டு ஆரும் என்னட்டைப் பல்லுக் கட்டுறவையோ?"

அடுத்தநாள் பரீட்சை. அது வெள்ளிக்கிழமை என்பதை நாங்கள் இருவருமே மறந்துபோனோம். குளம்பை அரத்தால் ராவ ராவ, கருகிய மயிர் போல ஒரு மணம் மாடிப்படியால் இறங்கி, அன்ரியின் சாம்பிராணியை வென்றுவிட்டது. அன்ரி கையில் தீபத்தட்டோடு மேலே வந்தா.

"மாஸ்டர், உங்கட அறைக்குள்ள என்ன வேகுது?"

"பல்லு, அன்ரி," என்றேன் நான்.

"ஆற்ற பல்லு இந்த மணம் மணக்குது?" அன்ரி எட்டிப் பார்த்தா. மேசைமேல் நான்கு கால்கள் வரிசையாக நின்றன. தீபத்தட்டைத் திருப்பிக்கொண்டு இறங்கியவதான். ஒரு மாதம் பல்லுக்கட்டியருக்கு வெள்ளிக்கிழமை வடை பாயாசம் வரவில்லை.

முதல் ஒட்டு விழுந்தது. குளம்பு ஈரம். "ஈரப் பல்லில ஒண்டும் நிக்காது, எனக்கு இது தெரியாததோ!" என்று தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டார். ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, உலரவிட்டு, இரண்டாவதை ஒட்டினார். அந்த லாடத்தில் எரிவாயுச் சிலிண்டரைக் கட்டித் தொங்கவிட்டோம். நின்றது. என்னையும் தொங்கச் சொன்னார். அதற்கும் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொட்டிலில் கூடினோம். கெடுவில் எஞ்சியிருந்தது ஐந்து நாள். நானா இரண்டு வண்டில் மணல் பரப்பியிருந்தார். மார்ட்டின் அலுமினியத் தகட்டில் இரண்டு லாடம் வெட்டி, குதிப்பக்கத்தை உயர்த்தி, ஓர் ஓட்டைகூட இல்லாமல் செய்து கொண்டுவந்திருந்தார். ஓட்டை போடாமல் லாடம் செய்தது வாழ்நாளில் இதுதான் முதல்தடவை, கை கூசுகிறது என்றார். எல்லாம் தயார். பேகம் படுக்கவேண்டும். அவ்வளவுதான்.

பேகம் படுக்கவில்லை.

தினமும் மத்தியானம் படுக்கிற குதிரை, நான்கு பேர் வட்டமாக நின்று பார்த்தவுடன் கௌரவம் பார்க்கத் தொடங்கிவிட்டது. "எல்லாரும் அங்கால பாருங்க," என்றார் நானா. திரும்பி நின்றோம். அரை மணித்தியாலம் சுவரைப் பார்த்தோம். வலியில் அது கால் மாற்றி மாற்றி நிற்கிற சத்தம் மட்டும் கேட்டது. நானா வாய்க்குள் ஓதத் தொடங்கினார். மார்ட்டின் செபமாலையை எடுத்தார். நான் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினேன். குதிரையைப் படுக்கவைப்பது எப்படி என்று அந்தச் சஞ்சிகைக்காரன் ஒரு வரியும் எழுதவில்லை.

பல்லுக்கட்டியர் சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார். நடந்துபோய்ப் பேகத்துக்கு முன்னால் மணலில் நீட்டி நிமிர்ந்து படுத்துவிட்டார்.

"மாஸ்டர், என்ன செய்யிற?" என்று நானா கத்தினார்.

"சத்தம் போடாதேங்கோ. பயந்த ஆக்களுக்கு முதல்ல நான் கதிரையில இருந்து காட்டுறனான்." பிறகு பேகத்தைப் பார்த்து, "பாரும் பிள்ளை, ஒண்டும் இல்லை. சும்மா சாயிறதுதான். நல்ல குளிர்ச்சியாக் கிடக்கு," என்றார்.

பொய் சொல்லவில்லை. பேகம் மூக்கைத் தாழ்த்தி அவருடைய மொட்டைத் தலையை மணந்தது. பெருமூச்சு விட்டது. முழங்காலை மடித்து, வலியோடு மெல்ல மெல்ல இறங்கி, அவருக்குப் பக்கத்தில் சாய்ந்தது. கொட்டில் அதிர்ந்தது. நானா சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

இடது கால் முதல். மார்ட்டின் ராவினார், நான் ஸ்பிரிட்டால் துடைத்தேன், பல்லுக்கட்டியர் குழைத்தார். அடிப்பக்கத்தில் படாமல், குளம்பின் வெளிச்சுவரில் மட்டும் பூசி லாடத்தை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார். மருந்து இறுகும்போது சுடும். அதற்காக ஒரு கையால் ஈரத்துணியை ஒற்றி ஒற்றி எடுத்தார். சூடு போதுமா, கூடிவிட்டதா என்று தன் கன்னத்தைக் குளம்பில் வைத்துப் பார்த்தார். பத்து நிமிடம். கையை எடுத்தார். ரோஸ் நிறச் செருப்புப் போட்டதுபோல் பேகத்தின் கால் மினுங்கியது.

"அழகா ஈக்கி," என்றார் நானா. மார்ட்டின் விரலால் தட்டிப் பார்த்தார். "புடிச்சிருச்சு சார். ஒத்துக்கிறேன்."

எனக்கு வெற்றி தலைக்கேறிவிட்டது. இதை அந்தச் சஞ்சிகைக்கே எழுதி அனுப்பலாம் என்று மனதுக்குள் தலைப்புக்கூடப் போட்டுவிட்டேன். பல்லுக்கட்டியர் வலது காலுக்கு மருந்து குழைக்கத் தொடங்கினார்.

"கொஞ்சம் இருங்க," என்றார் மார்ட்டின். இடுக்கி போன்ற ஒன்றால் வலது குளம்பைச் சுற்றிச் சுற்றி மெதுவாக அமத்திக்கொண்டு வந்தார். நுனிப்பக்கம் ஓரிடத்தில் பேகம் காலை வெடுக்கென்று இழுத்தது. சுவரும் அடியும் சேருகிற கோட்டில் கத்தி முனையால் மெல்லச் சுரண்டினார். கறுப்பாக ஒரு துளி கசிந்தது. பின்னாலேயே இன்னும் கொஞ்சம்.

பல்லுக்கட்டியர் குனிந்து பார்த்தார். மணந்து பார்த்தார். "சீழ்."

"பரவாயில்லை மாஸ்டர்," என்று நான் பாய்ந்தேன். "கழுவித் துடைச்சுப்போட்டு ஒட்டுவம். மருந்து இறுகப்போகுது, கெதியாப் பூசுங்கோ!"

அவர் குழைத்த கோப்பையைக் கையில் வைத்தபடி அசையாமல் இருந்தார். கோப்பைக்குள் மருந்து தடிக்கத் தொடங்கியது.

"மூடேலாது தம்பி."

"சஞ்சிகையில..."

"உன்ர சஞ்சிகையை மடிச்சு வை. சீழ் இருக்கிற முரசுக்கு மேல நான் ஒருநாளும் செட் போட்டதில்லை. மேல பளபளவெண்டு இருக்கும், உள்ளுக்க எலும்பு வரைக்கும் ஏறும். இது வடிய வேணும். ஒவ்வொரு நாளும் கழுவ வேணும். லாடம் நினைச்ச நேரம் கழண்டு வரவேணும். என்ர ஒட்டு கழலாது." கோப்பையை மணலில் வைத்தார். "மார்ட்டின், உம்மட பையில ஓட்டை போட்ட லாடம் ஒண்டு கிடக்கு. நான் கண்டனான். எடும்."

மார்ட்டின் தலையைச் சொறிந்தார். "சும்மா ஒரு பாதுகாப்புக்குத்தான் சார் கொண்டாந்தேன். ஆனா, ஆணி..."

"ஓம். அதுதான். எத்தினை வேணும்?"

"நாலே நாலு. பின்னாடி, நகம் கெட்டியா இருக்கிற எடத்துல. சின்னது."

"தாரும். நான் எடுத்துத் தாறன்."

நாற்பது வருடத்தில் முதல்தடவையாக அவருடைய உள்ளங்கையில் நான்கு ஆணிகள் கிடந்தன. மற்றக் கையைப் பேகத்தின் தாடைக்குக் கீழே வைத்துக்கொண்டார். மார்ட்டின் முட்டைக் கோதைத் தட்டுவதுபோல் அவ்வளவு மெதுவாகத் தட்டினார். ஒவ்வொரு தட்டுக்கும் பல்லுக்கட்டியரின் தோள்தான் துள்ளியது. ஒவ்வொரு ஆணிக்கும் குனிந்து, கொட்டாஞ்சேனையில் வளர்ந்த குதிரைக்குத் தமிழைவிடச் சிங்களம் நன்றாக விளங்கும் என்று நினைத்தாரோ என்னவோ, அதன் காதுக்குள் "ரிதெனவாத? ரிதெனவாத?" என்று கேட்டார். நான்காவது ஆணி முடிந்தபோது அவருடைய கோப்பையில் மருந்து கரண்டியோடு சேர்ந்து கல்லாகியிருந்தது.

பிறகு காத்திருந்தோம். கட்டாயப்படுத்தவேண்டாம், அவளுக்குத் தோன்றும்போது எழும்பட்டும் என்றார் மார்ட்டின். நானா தேத்தண்ணீர் கொண்டுவந்தார், ஒருவரும் குடிக்கவில்லை. வெயில் சாயத் தொடங்கும் நேரத்தில் பேகம் தலையைத் தூக்கியது. முன்னங்கால்களை நீட்டியது. ஒரு காலில் பசை, மறுகாலில் ஆணி. எழுந்தது. நின்றது. பாரத்தைப் பின்னுக்குத் தள்ளாமல், நான்கு காலிலும் ஒரு சாதாரணக் குதிரை நிற்பதுபோல் நின்றது. பிறகு தண்ணீர் வாளியை நோக்கி ஓர் அடி வைத்தது. இன்னோர் அடி. வாளி வரைக்கும் ஆறு அடி. தண்ணீர் உறிஞ்சுகிற சத்தத்தைப் பல்லுக்கட்டியர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சரி," என்றார். "ரெண்டு பக்கமும் சரி."

அடுத்தகிழமை வந்த மிருக வைத்தியர் ரோஸ் நிறக் காலைக் கண்டு நானாவிடம் பலவிதமாக விசாரித்தாராம். ஆனால் ஊசியைப் பற்றிப் பேசவில்லை. சீழ் வற்றும் வரைக்கும் பல்லுக்கட்டியர் ஒவ்வொரு பின்னேரமும் மட்டக்குளி பஸ் ஏறினார். சிப்பாய் அவருடைய பையைத் திறப்பதை விட்டுவிட்டு, "அஷ்வயாட்ட கொஹோமத?" என்று குதிரையின் சுகம் மட்டும் விசாரித்து அனுப்பினான். நல்ல குளம்பு வளர்ந்து இறங்கியபின் இரண்டு காலுக்கும் மார்ட்டினின் ஆணியே போதும் என்று தீர்ப்புச் சொன்னவரும் பல்லுக்கட்டியர்தான். தன் அறைக்குள் மட்டும் கடைசிவரைக்கும் ஓர் ஆணியையும் விடவில்லை.

போன வருடம், கனடாவில் இருக்கிற மகள் அவரைத் தன்னிடம் கூப்பிட்டுவிட்டாள். விமான நிலையத்தில் என் முகத்தைப் பார்க்காமல் என் வாயைப் பார்த்து, "கீழ கடைவாய்ப் பல்லைக் கவனி," என்றார். அவ்வளவுதான் பிரியாவிடை.

போன கிழமை கடிதம் வந்தது. எனக்கு ஒரு வரி: சுகம், சுகமறிய ஆவல். மிச்சம் மூன்று பக்கமும் பேகத்துக்கு. சப்பும்போது இப்போது வலப்பக்கத்தையும் பாவிக்கிறாளா? நானா கலியாண வீட்டுச் சாப்பாட்டைக் கிட்டக் கொண்டுபோக விடாமல் பார்க்கிறாயா? கடைசியில், தடித்த பேனையால் அடிக்கோடு போட்டு: "மழைக்காலம் தொடங்கியிருக்கும். குளம்பு ஊறினால் ஆணி இளகும். நீ நேரில் போய் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து எழுது. மார்ட்டின் சொன்னான் என்று எழுதாதே."

நாளைக்கு எனக்கு இரண்டு வகுப்பு இருக்கிறது. இரண்டையும் நிறுத்திவிட்டேன். பேகத்தின் கால்களைத் தொட்டுப் பார்த்து இந்தக் கிழமைக்குள் நான் பதில் போடாவிட்டால், அந்தப் பனிக்குள் அந்த மனிதருக்கு நித்திரை வராது.